ஜிப்ஸியை ஆஃப்ரோடுக்குத் தயார் செய்யணுமா? முதலில் எடை மேடைக்கு ஓட்டுங்கள்

மாருதி ஜிப்ஸி, அதாவது நாலு சக்கரத்துக்கும் பவர் போகிற அந்தச் சின்ன ஜீப், வாங்கியவர்களில் நிறையப் பேர் முதல் மாசமே செய்கிற வேலை வண்டியைத் தூக்குவது. நானும் அதைத்தான் செய்தேன். கமான் பட்டையைச் சேஸோடு சேர்க்கும் ஷேக்கிளை நீளமாகப் போட்டு, 31 இஞ்சு டயர் மாட்டி, முன்னால் கனமான இரும்பு பம்பர் ஒன்றையும் வெல்டிங் பட்டறையில் செய்து வைத்துக்கொண்டு வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஆம்பூர் பக்கம் கிளம்பினேன். பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி வேகம் 60-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் உதற ஆரம்பித்தது. இரண்டு கையால் இறுக்கிப் பிடித்தும் நிற்கவில்லை, டேஷ்போர்டே கழன்று விழும்போல் இருந்தது, இடதுபக்கம் ஒரு கன்டெய்னர் லாரி. வேகம் 30-க்கு இறங்கின பிறகுதான் அடங்கியது. அதே வாரத்தில் பாலாற்று மணலில் இறக்கினேன், ஐம்பதடி போவதற்குள் பின் அச்சு மணலில் உட்கார்ந்துவிட்டது. டிராக்டர் கட்டித்தான் இழுத்தோம்.

எங்கள் தெருவில் கம்மவான்பேட்டைக்காரர் ஒருவர் இருக்கிறார். ராணுவத்துக்கு ஆள் அனுப்புவதில் பேர் போன ஊர் அது. அவரும் பட்டாளத்தில் வருஷக்கணக்கில் ஜிப்ஸி ஓட்டியவர். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னா தம்பி, இந்த வண்டிக்குச் சொத்தே எடை இல்லாததுதான். அதும்மேல இரும்பைக் கொண்டாந்து கொட்டிட்டியே."

அதற்குப் பிறகு நான் செய்த எல்லா வேலையும் அந்த ஒரு பேச்சிலிருந்து வந்ததுதான். கீழே எழுதியிருப்பதும் அதே வரிசையில்தான் இருக்கும். பளபளப்பான சாமான்கள் எல்லாம் கடைசியில்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஜிப்ஸி என்று முதலில் பாருங்கள். 1985-ல் வந்தது 970 சிசி இன்ஜின். 1996-ல் 1.3 லிட்டர் வந்தது, அதுதான் ஜிப்ஸி கிங். 2000-ல் கார்புரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ (பெட்ரோலைப் பீய்ச்சி அடிக்கும் முறை) வந்து, 80 குதிரைத்திறன் ஆனது. 2019-ஓடு பொதுமக்களுக்கு விற்பது நின்றுவிட்டது, அதனால் இப்போது கையில் கிடைப்பதெல்லாம் பழைய வண்டியோ ராணுவ ஏலத்தில் வந்ததோதான். மலைச் சரிவில் ஏறுவதுதான் நோக்கம் என்றால் எம்பிஎஃப்ஐ வண்டியைத் தேடுங்கள். கார்புரேட்டர் வண்டி செங்குத்தான சரிவில் நிற்கும்போது மிதவை அறையில் பெட்ரோல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இன்ஜின் ஒன்று மூச்சு வாங்கும், இல்லை பெட்ரோல் வழிந்து நின்றே போகும். பாதி ஏற்றத்தில் இன்ஜின் நின்ற வண்டியைப் பின்னால் இறக்குவது நல்ல அனுபவம் இல்லை.

இனி எடை. கிங் சாஃப்ட் டாப் (துணிக் கூரை வண்டி) சுமார் 985 கிலோதான். அரிசி மில், கல் குவாரி பக்கம் லாரிகளுக்கு இருக்கிற எடை மேடையில் போய் நிறுத்திச் சீட்டு வாங்குங்கள். முழு வண்டியை ஒரு தடவை, முன் சக்கரம் மட்டும் மேடையில் இருக்கும்படி ஒரு தடவை. பெரிய மேடைகள் பத்து, இருபது கிலோ கணக்கில்தான் காட்டும், பரவாயில்லை. நான் எல்லாவற்றையும் மாட்டியபின் போனபோது டூல்ஸ், ஸ்டெப்னியோடு 1,240 கிலோ வந்தது, சாமான் மாட்டுவதற்கு முன் 1,010. அதாவது 230 கிலோ, மூன்று ஆளைக் கட்டித் தூக்கிக்கொண்டு மலை ஏறுகிற மாதிரி. அதில் பெரும்பங்கு முன்னால்தான் இருந்தது. மணலில் ஏன் அவ்வளவு சீக்கிரம் புதைந்தது என்பது அந்தச் சீட்டில் தெரிந்துவிட்டது.

ஒரு கணக்கு மனசில் இருக்கட்டும். இரும்புத் தகடு ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு சதுர மீட்டர் கிட்டத்தட்ட 7.85 கிலோ. 4 மி.மீ. தகடு என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 31 கிலோவுக்கு மேல். வெல்டிங் பட்டறையில் "6 எம்எம் போட்டா ஸ்ட்ராங்கா இருக்கும்" என்று சொல்லும்போது உடனே தலையாட்டாதீர்கள்.

பழசைச் சரி செய்யாமல் புதுசை மாட்டாதீர்கள்

டோல்கேட் பக்கம் உதறியதற்கு டயர் மட்டும் காரணம் இல்லை. முன் கிங் பின் (சக்கரம் இடம் வலம் திரும்புகிற அச்சாணி) பேரிங் தேய்ந்து போயிருந்தது. அதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். முன் சக்கரம் ஒன்றை ஜாக்கில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், இன்னொருவரை பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் அழுத்தியதும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்கவில்லை என்றால் கிங் பின். இடது வலதாகப் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் டை ராடு எண்டைப் பாருங்கள். பத்து நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் உதறலை அடக்கும் ஸ்டியரிங் டேம்பர் வாங்கி மாட்டுபவர்கள் உண்டு, அது நோயை மூடி மறைக்கும், அவ்வளவுதான்.

அப்படியே முன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற உருண்டையைப் பாருங்கள். அது லேசான எண்ணெய்ப் படலத்தோடு சுத்தமாக இருக்கணும். கறுப்பாக, குழம்பு மாதிரி வழிந்திருந்தால், அச்சு ஹவுசிங் உள்ளிருந்து கியர் ஆயில் சீல் தாண்டி வந்து கிரீஸோடு கலந்துவிட்டது என்று அர்த்தம். அந்த உருண்டைக்குள்ளேதான் முன் அச்சின் ஜாயிண்ட் இருக்கிறது. கிரீஸ் இல்லாமல் ஓடிய ஜாயிண்டை நம்பி பாறையில் ஏறக் கூடாது.

ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (பவரை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்து, ஹை, லோ மாற்றும் பெட்டி) கியர்பாக்ஸோடு ஒட்டி இருக்காது, தனியாக ரப்பர் மவுண்ட்டுகளில் தொங்கும். லோ போட்டு முதல் கியரில் முறுக்கும்போது அது அப்படியே திரும்பப் பார்க்கும், பழைய ரப்பராக இருந்தால் கிழிந்துவிடும். கீழே படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள், ரப்பரில் வெடிப்பு தெரியும். பிறகு புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ், ஷேக்கிள் புஷ், சேஸில் ஸ்டியரிங் பாக்ஸ் உட்காரும் இடம். அந்த இடத்தில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பாருங்கள், முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தாலும் முதலில் அதற்குத்தான் வெல்டிங். ராணுவ ஏலத்து வண்டியில் இதை ரொம்பக் கவனமாகப் பாருங்கள், மேலே பெயின்ட் நல்லாத்தான் இருக்கும்.

டயரும் காற்றும்

வண்டிக்கு ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் டயர் மாற்றுங்கள். ஜிப்ஸிக்கு 15 இஞ்சு ரிம், ஐந்து போல்ட். 215/75 ஆர்15 போட்டால் உயரம் சுமார் 27.7 இஞ்சு. 235/75 ஆர்15 சுமார் 28.9 இஞ்சு, இதுவே இந்த வண்டிக்கு அளவான டயர் என்பது என் தீர்மானம். 31x10.5 போட்டால், 215/75-ஐவிட 12 சதவீதம் உயரம், அதாவது உங்கள் கியர் எல்லாமே 12 சதவீதம் நீளமாகிவிட்டது என்று அர்த்தம். ஸ்பீடோமீட்டர் 60 காட்டினால் உண்மை 67. பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், ஏற்றத்தில் கிளட்ச் வேகும். 80 குதிரைத்திறன் வண்டிக்கு இது பெரிய அபராதம்.

பூ பெரிசா இருக்கிற மட் டெரெய்ன் டயர்தான் எல்லாவற்றுக்கும் நல்லது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. ஏரிக்குள் வண்டல் சேறு, மழை முடிந்த களிமண், அங்கே சரி. பாலாற்று மணலில் அதே டயர் மண்வெட்டி மாதிரி தோண்டும். நம் பக்கம் நிலம் என்னவென்று யோசித்துப் பாருங்கள்: ஆற்று மணல், செம்மண், கருங்கல் பாறை, கொஞ்சம் ஏரிச்சேறு. இதில் பெரும்பாலானதுக்கு ஆல் டெரெய்ன் டயரும் சரியான காற்றும் போதும்.

காற்று விஷயத்தை நான் நேரில் பார்த்துத்தான் நம்பினேன். வீட்டு வாசல் சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தி, முன் டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னும் பின்னும் சாக்பீஸால் கோடு போட்டேன். 26 பி.எஸ்.ஐ.-ல் அந்த இரண்டு கோட்டுக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. 12-க்கு இறக்கியதும் ஒரு சாணைத் தாண்டியது. அகலம் பெரிசாக மாறவில்லை, நீளம்தான் கூடியது. காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகும் என்று நினைப்போம், அது நீளமாகத்தான் பரவும், டிராக்டர் பட்டை மாதிரி. அதனால்தான் மணலில் வண்டி மேலே நிற்கிறது.

எடை கூட்டாத 235 டியூப்லெஸ் டயருக்கு நான் வைக்கிற காற்று இது: தார் ரோட்டில் 26, கல் பாதையில் 18, பாறையில் 15 அல்லது 16, மணலில் 12. டயர் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் பீட்லாக் ரிம் இல்லாமல் அதற்குக் கீழே போனால், வளைத்துத் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டு வெளியே வந்துவிடும். டியூப் போட்ட டயரில் இந்த விளையாட்டே வேண்டாம். காற்று குறைந்த டயர் ரிம் மேல் வழுக்கும், டியூபும் கூடவே இழுபடும், வால்வு வேரோடு பிய்ந்துவிடும். காற்றடிக்கும் சின்ன கம்ப்ரசர், நல்ல காற்றுமானி, இரண்டும் இல்லாமல் காற்றை இறக்காதீர்கள்.

இன்னொன்று, நம் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே தெரிந்த தொல்லை: சீமைக் கருவேல முள். அது ஏறின அன்றைக்கே பஞ்சர் ஆகாது. முனை உடைந்து ரப்பருக்குள்ளேயே தங்கி, நாளாக நாளாக உள்ளே இறங்கி, ஒரு வாரம் கழித்து ஆபீஸ் வாசலில் டயர் உட்கார்ந்திருக்கும். ஏரிக்கரை, ஆற்றோரம் போய் வந்த மறுநாள் டயரைக் கழுவி, கையால் தடவிப் பார்த்து, மூக்குப் பிளேயரால் முள்ளை எடுத்துவிடுங்கள். பஞ்சர் பிளக் கிட் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

மணலில் ஓட்டும் விதம் சுருக்கமாக: லோ போட்டு இரண்டாவது கியர், ஒரே வேகம், பிரேக்கைத் தொடாதீர்கள், நிறுத்த வேண்டும் என்றால் ஆக்சிலரேட்டரை விட்டுத் தானாக நிற்க விடுங்கள். ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்காதீர்கள். சக்கரம் சுழல ஆரம்பித்ததும் காலை எடுத்துவிடணும், இன்னும் மிதித்தால் குழிதான் ஆழமாகும். பாலாற்றில் பழைய மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே மூடி, உள்ளே பொதபொதவென்று இருக்கும், அதனால் போகிற வழியை முதலில் இறங்கி நடந்து பாருங்கள். ராத்திரியில் ஆற்றில் வண்டியை இறக்கவே வேண்டாம். மணல் கடத்துகிறவர்கள் என்று நினைத்து ஊர்க்காரர்களும் போலீசும் நிறுத்துவார்கள், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

உயரத்துக்கு முன் லாக்கர்

ஜிப்ஸி கிராஸில் நின்றதைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் அதற்கு எதிர்மூலையில் ஒரு சக்கரம், இரண்டும் அந்தரத்தில் சுழலும், தரையில் இருக்கிற இரண்டும் சும்மா நிற்கும். நாலு சக்கரத்துக்கும் பவர் போகிறது என்று சொல்லி விற்ற வண்டி இரண்டு சக்கரத்தில்கூட நகராது. காரணம் ஓப்பன் டிஃபரன்ஷியல் (அச்சின் இரண்டு சக்கரத்துக்கும் பவரைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி), எந்தச் சக்கரத்துக்குச் சுமை இல்லையோ அது சுழன்றுவிடும், மற்றதற்கும் அதே அளவு முறுக்குதான் கிடைக்கும். வண்டியை ஆறு இஞ்சு தூக்கினாலும் இந்தக் குறை போகாது.

காசில்லாத வழி ஒன்று உண்டு, முதலில் அதைப் பழகுங்கள். சக்கரம் சுழலும்போது வலது கால் ஆக்சிலரேட்டரில் இருக்க, இடது காலால் பிரேக்கை மெதுவாக அழுத்துங்கள். சுழலும் சக்கரத்துக்கு ஒரு தடை கிடைக்கும், அந்தத் தடை அளவுக்கு மறுபக்கத்துக்கும் முறுக்கு போகும். பல இடத்தில் இது ஒன்றே வெளியே கொண்டுவந்துவிடும். கிளட்ச் மிதிக்க கால் இருக்காது, அதனால் லோ முதல் கியரில், கிளட்சை முழுசாக விட்ட பிறகுதான் செய்ய வேண்டும்.

அதுவும் போதவில்லை என்றால் பின் அச்சுக்கு மட்டும் லாக்கர், அதாவது இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுழலும்படி பூட்டும் சாமான். டிஃபரன்ஷியலுக்குள்ளேயே உட்காரும் தானியங்கி வகை உண்டு, காற்றில் ஓடும் ஏர் லாக்கர் உண்டு. காசு இருந்தால் ஏர் லாக்கர், ஏனென்றால் தேவைப்படும்போது மட்டும் போட்டு, ரோட்டில் எடுத்துவிடலாம். சில பட்டறையில் உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரங்களை வெல்டிங் அடித்து இணைத்துத் தருகிறோம் என்பார்கள். செலவு குறைவுதான். ஆனால் தார் ரோட்டில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஏதாவது ஒரு டயர் தேய்ந்துகொண்டேதான் திரும்பும், ஈர ரோட்டில் பின்பக்கம் இழுக்கும், ஒரு நாள் ஆக்ஸில் ஷாஃப்ட் முறிந்துவிடும். ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு அது வேண்டாம். முன் அச்சுக்கு லாக்கர் போடுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்டியரிங் முழுசாக ஒடிந்திருக்கும்போது முன் லாக்கரோடு மிதித்தால் அந்த உருண்டைக்குள் இருக்கும் ஜாயிண்ட் பட்டென்று போய்விடும்.

லாக்கருக்கு அடுத்தது லோ கியர். கிங்கின் லோ விகிதம் 2.268. அதையே 4.16 ஆக்கும் பல்சக்கர செட் இந்தக் குடும்பத்துச் சுசுகி டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு வெளிநாட்டில் கிடைக்கிறது, 1.8 மடங்கு வித்தியாசம். பாறையில் கிளட்ச் மிதிக்காமல் நடை வேகத்துக்கும் கீழே ஊர்ந்து போகலாம். விலை அதிகம், வரவழைக்க நாளாகும். பெரிய டயர் போட்டவர்களுக்கு இது அவசியம், 235-ஓடு நின்றவர்களுக்கு ஆசைதான்.

இப்போது உயரம்

ஜிப்ஸியில் நாலு பக்கமும் கமான் பட்டை, அச்சுக்குக் கீழே கட்டியிருக்கும். உயரத்துக்கு மூன்று வழி. ஷேக்கிளை நீளமாக்குவது முதல் வழி, மலிவு. 2 இஞ்சு நீளமான ஷேக்கிள் போட்டால் வண்டி 1 இஞ்சுதான் உயரும். முன்னால் ஷேக்கிள் பட்டையின் முன்முனையில் இருப்பதால், அது நீண்டதும் அச்சு முன்பக்கம் சாய்ந்து, கிங் பின்னின் பின்சாய்வு குறைந்துவிடும். சைக்கிள் முன் ஃபோர்க்கை நிமிர்த்தி வைத்த மாதிரி, கையை விட்டால் நேராகப் போகாது. என் வண்டி உதறியதற்கு இதுவும் ஒரு காரணம். போட்டே ஆகணும் என்றால், அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் ஆப்பு வடிவத் தகடு வைத்து அந்தச் சாய்வைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

இரண்டாவது, வளைவு கூடிய புதுப் பட்டை செட், அதற்கேற்ற நீளத்தில் ஷாக் அப்சார்பர். 2 இஞ்சு உயரம். நான் கடைசியில் நின்றது இதில்தான். ஸ்பிரிங் பட்டறையில் பழைய பட்டையைச் சூடாக்கி வளைத்துத் தருவார்கள், கொஞ்ச நாளில் மறுபடி படுத்துவிடும். பட்டை எண்ணிக்கையைக் கூட்டினாலும் உயரும், ஆனால் வண்டி கட்டை மாதிரி ஆகிவிடும், சக்கரம் பள்ளத்துக்கு இறங்காது. நமக்கு வேண்டியது உயரத்தைவிட டயர் தரையை விடாமல் இருப்பது.

மூன்றாவது, அச்சைப் பட்டைக்குக் கீழே கொண்டுபோய்க் கட்டுவது. ஒரே அடியாக 5 இஞ்சு கிடைக்கும். கூடவே ஸ்டியரிங் ராடு கோணம், புரொப்பெல்லர் கோணம், பிரேக் ஹோஸ் நீளம் எல்லாம் மாற வேண்டும், வேகமாக மிதித்தால் அச்சே பட்டையை முறுக்கிக்கொண்டு திரும்பும். ஒவ்வொன்றுக்கும் தனி வேலை. அந்த வண்டி ரோட்டு வண்டி இல்லை, லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்க வேண்டிய வண்டி.

எந்த வழியானாலும் அச்சையும் பட்டையையும் சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டைப் புதுசாகப் போடுங்கள், பழசை மறுபடி முறுக்கக் கூடாது. முடித்ததும் ஒரு சோதனை: ஒரு முன் சக்கரத்தையும் அதற்கு எதிர்மூலைப் பின் சக்கரத்தையும் மணல் மூட்டை அடுக்கி மேலே ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்புங்கள். டயர் எங்கே உரசுகிறது, பிரேக் ஹோஸ் எங்கே விறைக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வலது முன் ஹோஸ் கம்பி மாதிரி விறைத்து நின்றதை அப்படித்தான் கண்டுபிடித்தேன். மலையில் தெரிந்திருந்தால் பிரேக்கே போயிருக்கும்.

அடிப்பக்கம், இழுவை, சூடு

பெட்ரோல் டேங்க், டிரான்ஸ்ஃபர் கேஸ், ஸ்டியரிங் ராடு, இந்த மூன்றுக்கும் 3 மி.மீ. தகடு போதும், மடித்து விளிம்பு கொடுத்தால் 5 மி.மீ. அளவுக்கு விறைப்பாக நிற்கும். சேறு வெளியேற ஓட்டை விடுங்கள், ஆயில் போல்ட் இருக்கும் இடத்தில் ஓட்டை விட மறக்காதீர்கள். ரூஃப் கேரியர் வேண்டவே வேண்டாம். மேலே ஏற்றுகிற ஒவ்வொரு கிலோவும் சரிவில் வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும்.

இழுவைக் கொக்கி சேஸில் இருக்க வேண்டும், பம்பரில் இல்லை. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, 8.8 தர போல்ட்டுக்குக் குறையாமல். கயிற்றைக் கொக்கியில் மாட்டும் இழுவை ஷேக்கிள் எடை முத்திரை உள்ளதாக, 3.25 டன் வகை இந்த வண்டிக்குப் போதும். நான் வண்டியில் செய்யும் முதல் வேலை இனி எப்போதும் இதுதான், டயருக்கும் முன்னால். அன்றைக்கு டிராக்டர்காரர் கயிறு கட்ட இடம் தேடியபோது பம்பரைத்தான் காட்டினேன், அது பாதி பிய்ந்து வந்தது.

வின்ச் (கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் மோட்டார்) வாங்கினால் சுமை ஏற்றிய வண்டி எடையில் ஒன்றரை மடங்கு இழுக்கும் திறன் பார்க்க வேண்டும். 1,500 கிலோ என்றால் 2,250 கிலோ, அதற்கு மேல் பெரிசு எதற்கு? செயற்கை இழைக் கயிறு போடுங்கள், இரும்புக் கம்பியைவிட எடை குறைவு, அறுந்தாலும் சாட்டை மாதிரி அவ்வளவு அடிக்காது. ஆனாலும் இழுக்கும்போது கயிற்றின் நடுவில் ஈரச்சாக்கு ஒன்றைப் போட்டுவிட்டு, எல்லாரும் விலகி நில்லுங்கள். புளியமரம் கிடைத்தால் அகலப் பட்டை வாரைச் சுற்றிக் கட்டுங்கள், நேராகக் கயிற்றைச் சுற்றினால் மரப்பட்டை உரிந்து மரமே செத்துவிடும். ஆற்று மணலில் மரமே இருக்காது. ஸ்டெப்னியை இடுப்பளவுக் குழியில் நிறுத்திப் புதைத்து அதில் கட்டி இழுக்கலாம். மண்வெட்டி முக்கியம். என்னைக் கேட்டால் வின்ச்சுக்கு முன் ஒரு மண்வெட்டி, ஒரு நல்ல இழுவைக் கயிறு, கூட வருகிற இன்னொரு வண்டி. தனியாகப் போகவே கூடாது.

வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 40 டிகிரியில் லோ கியரில் ஊரும்போது காற்றோட்டமே இருக்காது, இன்ஜின் சூடு ஏறும். ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே கழுவி, வெளியே துடுப்புகளில் சிக்கிய புல்விதையைப் பின்பக்கமிருந்து தண்ணீர் அடித்து எடுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று சொல்லும் மெக்கானிக் பேச்சைக் கேட்காதீர்கள். கூலன்ட்டைச் சரியான விகிதத்தில் கலந்து ஊற்றுங்கள், வெறும் போர் தண்ணீர் வேண்டாம், நம் ஊர் உப்புத் தண்ணீர் உள்ளே படிந்துவிடும்.

தண்ணீரில் இறங்குபவர்களுக்கு இன்ஜினுக்கு மேலிருந்து காற்று எடுக்கும் ஸ்நார்க்கெல் தெரியும், அச்சின் மூச்சுக்குழாய் தெரியாது. சூடான அச்சு தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். இரண்டு அச்சு, கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், எல்லாவற்றின் மூச்சுக்குழாயையும் ரப்பர் டியூப் போட்டு பானட் உயரத்துக்கு ஏற்றுங்கள். சில நூறு ரூபாய் வேலை, ஒரு கிலோகூட எடை இல்லை. பாலாறோ பொன்னையாறோ வெள்ளம் போகும்போது எந்த வண்டியிலும் இறங்காதீர்கள். 2021 நவம்பரில் இரண்டு ஆறும் போன வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

சாஃப்ட் டாப் என்றால் ரோல் கேஜ் (கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் பைப் கூண்டு) போடுங்கள், எடை கூட்டுவதில் நான் யோசிக்காமல் சம்மதிக்கும் ஒரே சாமான் அதுதான். சீம்லெஸ் பைப், வளைக்கும் மெஷினில் வளைத்தது, மணல் நிரப்பிச் சூடாக்கி வளைத்தது கூடாது. கால்கள் வெறும் தரைத் தகட்டில் நிற்கக் கூடாது, சேஸோடு சேரணும். சீட் பெல்ட் இல்லாமல் கேஜ் மட்டும் இருந்தால் அந்தப் பைப்பே தலையில் அடிக்கும்.

சட்டமும் எங்கே ஓட்டுவதும்

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் இருக்கும் விவரத்துக்கும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டும் என்று இருக்கிறது. பம்பர் கார்டும் கூடாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்கும் கேள்வியும் இதுதான். ஆகவே டயர் அளவு, உயரம், கேஜ் எதுவானாலும் பட்டறைக்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். அனுமதி இல்லாத வேலை செய்த வண்டியை ரோட்டில் ஓட்டாமல், ஏற்றிக்கொண்டு போய், தனியார் நிலத்தில் மட்டும் இறக்குங்கள். 31 இஞ்சு டயரோடு நெடுஞ்சாலையில் போனது என் தப்பு. அதைக் கழற்றி விற்றுவிட்டேன்.

அமிர்தி, ஜவ்வாது மலைக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் வண்டியை இறக்குவது குற்றம். காப்புக்காடு எது, பட்டா நிலம் எது என்று விசாரிக்காமல் போகாதீர்கள். நாங்கள் ஓட்டுவது நண்பர் குடும்பத்தின் மானாவாரி நிலத்தில், அறுவடை முடிந்த பிறகு, சொல்லிவிட்டுத்தான். ஒடுகத்தூர், அணைக்கட்டு பக்கம் மலைமேல் இருக்கிற ஊர்களுக்குப் போகும் மண் பாதையை மழை நாளில் விளையாட்டுக்கு உழாதீர்கள். நாம் போட்டுவிட்டு வருகிற பள்ளத்தில்தான் மறுநாள் அங்கே பிரசவத்துக்கு ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வண்டி இறங்க வேண்டியிருக்கும்.

திரும்பி வந்ததும்

தார் ரோடு ஏறும் முன் நாலு டயரிலும் 26 காற்று. மணலில் இருந்த 12-ஓடு நெடுஞ்சாலையில் ஏறினால் டயர் சுவர் சூடாகி வெடிக்கும். வீடு வந்ததும் யூ போல்ட்டையும் வீல் நட்டையும் ஸ்பானர் வைத்துப் பாருங்கள், புதுசாகக் கட்டிய யூ போல்ட் முதல் 100 கி.மீ.-க்குள் கட்டாயம் தளரும். தண்ணீரில் இறங்கியிருந்தால் மறுநாள் காலை வண்டியை அசைக்கும் முன், இரண்டு அச்சின் கீழ் போல்ட்டையும் லேசாகத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஆயில் பிடியுங்கள். ராத்திரி முழுக்க நின்றதால் தண்ணீர் இருந்தால் அடியில் தங்கியிருக்கும், முதலில் அதுதான் சொட்டும். தேன் நிறத்தில் வந்தால் போல்ட்டை இறுக்கிவிடலாம். பால் டீ நிறத்தில் வந்தால் முழுசாக இறக்கிவிட்டு, புது 80டபிள்யூ-90 ஊற்றி, பத்து கி.மீ. ஓட்டி மறுபடி டம்ளரைப் பிடியுங்கள்.